கதவோரம் படுத்த பிள்ளை

லண்டனுக்குப் போய்வந்தவர்கள் அரண்மனையைப் பற்றியும் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பற்றியும் சொல்வார்கள். நானும் இரண்டையும் பார்த்தேன், பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து, மழைக்குள்ளால். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. லண்டனில் நான் அதிகமாகப் பார்த்தது கொரியாவைத்தான். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சிறுபிள்ளையாக வாழ்ந்த பழைய கொரியா. அவர் ஆங்கிலத்தில் சொல்ல, என் தங்கச்சி தமிழில் சொல்ல, நான் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்து, அங்கே ஒரு பேக்கரியில் மா குழைத்துக்கொண்டிருந்தேன். மோர்டனில் இருக்கும் தங்கச்சி மணி டிக்கெட் அனுப்பியிருந்தாள். அவளுடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. தாய்மாமன் பால் அறுகு வைத்துத் தேங்காய் உடைக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் நிற்கவே கூச்சம். ஒரு பள்ளிக்கூட மண்டபம் நிறைய ஆட்கள், வீடியோக்காரனின் வெளிச்சம் வேறு. தேங்காய் மூன்றாம் அடியில்தான் உடைந்தது. மச்சான் பகிடியாக, "வவுனியாவிலை பாண் வெட்டுற கை, தேங்காய்க்குப் பழக்கமில்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சடங்கு முடிந்தபிறகுதான் சங்கடம். ஊருக்குத் திரும்ப இன்னும் மூன்று கிழமை இருந்தது. மச்சான் பெற்றோல் செட்டில் ஷிப்ட், பிள்ளைகள் பள்ளிக்கூடம், மணி வேலைக்கு. வீட்டில் நான் தனியே. டெலிபோன் அடித்தால் எடுக்கப் பயம். வாசல் மணி அடித்தால் மூச்சுக்கூட விடமாட்டேன். யன்னலோரம் நின்று எதிர்வீட்டுப் பூனையைப் பார்ப்பேன். கார்த்திகை மாதம். நாலு மணிக்கே இருட்டிவிடும்.

"அண்ணை, உந்த யன்னலை நீங்கள் காவல் காக்கத் தேவையில்லை. அது எங்கையும் ஓடாது" என்றாள் மணி. "நாளைக்கு என்னோடை வாங்கோ. மனிசியைத் தூக்கிவிட எனக்கு ஏலாமல் கிடக்கு. நாரிப் பிடிப்பு, இடுப்பை நிமிர்த்த ஏலாது. நீங்கள் மா மூட்டை தூக்கிறனீங்கள்தானே."

வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சமைத்துக் கொடுத்து, கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்வது மணியின் வேலை. மனிசி என்று அவள் சொன்னது மிஸ் ஹெலன் என்பவரை. வயது எண்பதுக்குக் கிட்ட. கலியாணம் செய்யாதவர். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்து ஓய்ந்தவர். வீடு இரண்டு தெரு தள்ளி.

"கட்டில் இல்லையோ அவவுக்கு?" என்று கேட்டேன்.

"நல்ல கட்டில் இருக்கு. ஆனா நிலத்திலைதான் படுப்பா. சூடு தாற கீற்றருக்குப் பக்கத்திலை மெத்தையை விரிச்சுப்போட்டு, ராசாத்தி மாதிரி. படுக்கிறது அவ, எழுப்பிறது நான்."

முதல்நாள் போனபோது அப்படியேதான் கிடந்தார். மிக மெலிந்த உடம்பு, வெள்ளைப் பஞ்சுத் தலை. நான் வாசலில் கூச்சத்தோடு நின்றேன். அவர் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினார், தூக்கச் சொல்லி நீட்டும் குழந்தை மாதிரி. நான் குனிந்து தூக்கினேன். அரை மூட்டை மாவின் பாரமும் இல்லை. கதிரையில் இருத்தியதும் என்னவோ சொல்லிச் சிரித்தார்.

"தன்னை இப்பிடிப் பதமாத் தூக்கினது இதுக்கு முதல் ஓராள்தானாம்" என்றாள் மணி. "சுனி ஓமோனி. துவங்கியிட்டா. இனி உங்களுக்குக் கொரியாதான்."

மிஸ் ஹெலன் பிறந்தது கொரியாவின் வடக்கே, ஆற்றங்கரைப் பட்டணம் ஒன்றில். தகப்பன் பாதிரியார். பதினொரு வயதில் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பப்பட்டவர், திரும்பப் போகவே இல்லை. கொரிய மொழியும் சில சொற்கள் தவிர மறந்துபோயிற்றாம். சுனி ஓமோனி அவரை வளர்த்த ஆயா. கொரிய மொழியில் ஓமோனி என்றால் அம்மாவாம். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் மாறும். வாய்க்குள் இனிப்பு வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும்.

அன்று மதியம் மணி அவருக்குச் சோறும் மீன்குழம்பும் கொடுத்தாள். மீனைக் குழம்பிலிருந்து எடுத்து, கிண்ணத்துத் தண்ணீரில் அலசி, உறைப்புப் போக்கி வைத்தாள். ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வது போல.

"இது நான் கண்டுபிடிச்சதில்லை, அவ பழக்கினது" என்றாள். பாதிரியார் வீட்டில் மிளகாய் கூடாதாம். சீமையிலிருந்து கப்பலில் வரும் மாவும் தகரத்தில் அடைத்த வெண்ணெயும் ஜாமும்தான் சாப்பாடு. கொரியர்கள் குளிர்காலத்துக்கென்று கோவா என்கிற முட்டைக்கோசை உப்பும் மிளகாயும் போட்டுப் பெரிய சாடிகளில் அடைத்து மண்ணில் புதைத்துவைப்பார்கள். சுனி ஓமோனி அதில் ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் அலசி, தாய் பார்க்காத நேரம் பிள்ளையின் வாய்க்குள் வைப்பாளாம்.

"எங்கடை ஆக்கள் செய்யிறது மாதிரியே!" என்றேன்.

"பின்னை? பிள்ளை வளர்க்கிறது எல்லா இடமும் ஒண்டுதானே."

எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும். காலையில் தூக்கி இருத்துவேன். பிறகு கதை.

பாதிரியாரின் வீடு குன்றின்மேல், செங்கல்லால் கட்டிய மாடிவீடு. சுற்றிலும் மதில். மதிலுக்குள் எல்லாம் இங்கிலாந்து: பியானோ, கதிரை, கட்டில், ரோசாச் செடி. ஊர்ப் பெண்கள் கூட்டமாக வீடு பார்க்க வருவார்களாம். அதற்கென்று தாய் ஒரு நாள் ஒதுக்கிவைத்திருந்தார். தையல் மெசினைத் தடவிப் பார்ப்பார்கள். ஆளுயரக் கண்ணாடிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள். மாடிப்படியில் ஏறுவது சுலபம், இறங்கத்தான் தெரியாது. வெள்ளைப் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் குந்திக் குந்தி இறங்குவார்கள். மிஸ் ஹெலன் கதிரையில் இருந்தபடியே அப்படி இறங்கிக் காட்டினார். மணி சிரித்துச் சிரித்து நாரியைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் ஊர் மிஷன் பங்களாவுக்கும் நத்தார் அன்று கிறிஸ்மஸ் மரம் பார்க்கப் போவார்கள். நான் போனதில்லை.

மாரியில் அந்த மாடிவீடு குளிரில் விறைத்துப்போகுமாம். அவருடைய அறைக் கூசாவில் தண்ணீர் கட்டியாகிவிடும். ஆனால் குசினிக்குப் பின்னால் சுனி ஓமோனியின் சின்ன அறை எப்போதும் சூடு. கொரிய வீடுகளில் அடுப்புப் புகை கூரையால் போகாது. நிலத்துக்கடியில் கல்லால் கட்டிய வாய்க்கால்களுக்குள்ளால் ஓடி, மறுபக்கத்தால் வெளியேறும். நிலமே அடுப்பாகிவிடும். மேலே எண்ணெய்த் தாள் ஒட்டியிருப்பார்கள். அடுப்பிருக்கும் பக்கச் சுவரோரம் சூடு அதிகம் என்பதால் அந்த இடத்துத் தாள் மட்டும் பழுத்துப் பழுப்பு நிறமாக இருக்கும்.

"நிலத்திலை படுக்கிறது ஆரோக்கியத்துக்குக் கூடாதெண்டு தேப்பன் சொல்லுவாராம். விளக்கை அணைச்ச உடனை இவ பின்படியாலை இறங்கி ஓடியிடுவாவாம். அந்தப் பழுப்பு நிறத் துண்டுதான் தன்ரை இடமாம். ஓமோனி போர்வையைத் தூக்கிப் பிடிப்பாவாம், இவ உள்ளுக்குப் பூந்திடுவாவாம்."

மிஸ் ஹெலன் கண்ணை மூடி, இரண்டு உள்ளங்கைகளையும் கதிரைக் கைகளில் அழுத்திக்கொண்டார். அந்தச் சூடு இன்னும் அங்கே இருப்பது போல.

அவர் தன் வாழ்க்கையிலேயே சந்தோசமாக இருந்த இடம் அதுதான் என்று எனக்கு விளங்கியது. அதேநேரம் எனக்குள் ஒரு கேள்வி வந்து குந்திக்கொண்டது. அதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் அம்மாவும் ஆயாவாக இருந்தவர். மிஷன் வளவில், வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றில். அப்பா செத்தபிறகு எடுத்த வேலை. மணி அப்போது பால் குடிக்கிற பிள்ளை. அவளைத் தன்னோடு கொண்டுபோனார். எனக்கு ஆறு வயது. சின்னம்மா வீட்டில் விட்டார். கிழமைக்கு ஒருநாள் வருவார். அவரிலே பங்களாச் சவர்க்காரம் மணக்கும். அந்தக் குடும்பம் தங்கள் நாட்டுக்குத் திரும்பியபோதுதான் அம்மா வீட்டோடு வந்தார், அழுதுகொண்டு. இரண்டு வெள்ளைப் பிள்ளைகளை நினைத்து அம்மா அழுததை நான் படலையில் நின்று பார்த்தேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. அம்மா இப்போது இல்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மணியிடம் சொன்னேன்: "அந்த ஓமோனிக்குப் பிள்ளையள் இருந்ததோ எண்டு கேள்."

மணி என்னைப் பார்த்தாள். பிறகு மிஸ் ஹெலனிடம் திரும்பி எதையோ கேட்டாள். அவர் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்.

"ஓம், தேத்தண்ணி வேணுமாம்."

"நான் கேட்டது உதில்லை."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

திரும்பி நடக்கும்போது மழைத் தூறல். குடைக்குள் வர மாட்டேன் என்று நான் விலகி நடந்தேன்.

"அண்ணை, அந்த மனிசிக்கு உலகத்திலை இருக்கிறது அந்த ஒரு கதைதான். உதுக்குள்ளை ஏன் கையை விடுறியள்?"

"கேட்டா என்ன? பதில் தெரிஞ்சாச் சொல்லட்டும்."

"நீங்கள் அவவையோ கேக்கிறியள்? அம்மாவைக் கேக்கிறியள்."

"உனக்கு அந்த வீட்டிலை இடம் இருந்தது, மணி. ஜாம் பூசின பாண் திண்டு வளந்தனி."

"அது என்ரை பிழையோ?" என்றாள். குடையை என் கையில் திணித்துவிட்டு முன்னால் விறுவிறு என்று நடந்தாள். அன்றிரவு பிட்டுப் போடும்போது என் தட்டில் இரண்டு துண்டு மீன் கூடுதலாக வைத்தாள். எங்கள் வீட்டில் சமாதானம் அப்படித்தான்.

அடுத்த கிழமை ஒரு செய்தி. மிஸ் ஹெலனின் மருமகன் முறையான ஒருவர் அவரை முதியோர் ஹோமில் சேர்க்க ஒழுங்கு செய்துவிட்டார். அங்கே நிலத்தில் படுக்க விடமாட்டார்கள். அதைவிட அவருக்கு வேறு கவலை இருந்ததாகத் தெரியவில்லை. போவதற்கு முதல் ஒருமுறை, ஒரே ஒருமுறை, கொரியர் வீட்டு நிலத்தில் இருக்க வேண்டும் என்றார்.

அதற்கு மணியிடம் வழி இருந்தது. மோர்டனுக்கு அடுத்தாற்போல் நியூ மோல்டன் என்று ஓர் இடம். கொரியர்கள் நிறைய வந்து குடியேறிக்கொண்டிருந்தார்கள். மணி முள்ளங்கியும் நெத்தலிக் கருவாடும் வாங்குவது அங்கே லீ என்பவரின் கடையில். நல்ல நெத்தலி. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அந்தக் கடையைக் காட்டிக்கொடுத்ததே தான்தான் என்று பெருமை பேசுவாள். லீயின் தாயார் கடை மூலையில் உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருப்பாராம். ஆங்கிலம் தெரியாது. கதைக்க ஆளில்லை. விசயத்தைச் சொன்னதும் லீ, கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், அம்மா சந்தோசப்படுவா என்றாராம்.

இத்தனை நாளும் மிஸ் ஹெலன் ஏன் தானே போகவில்லை என்று கேட்டேன். பக்கத்து ஊர்தானே. இந்தக் கேள்வியை மணி தடுக்கவில்லை.

"வெக்கமாம்" என்றாள். "ஆரெண்டு சொல்லிப் போறது எண்டு யோசிச்சு யோசிச்சே விட்டிட்டாவாம். உங்களை மாதிரித்தான்."

போகிற நாள் நல்ல வெயில், ஆனால் வெட்டும் குளிர். மிஸ் ஹெலன் நீலக் கோட்டுப் போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தார். பஸ் வந்தது. நான் அவரைத் தாங்கி ஏற்றி முன் இருக்கையில் இருத்தினேன். மணி அவருடைய கைத்தடியை பஸ் தரிப்பிட வாங்குப் பலகையிலேயே விட்டதைக் கண்டு எடுக்க ஓடினாள். சாரதி கதவைச் சாத்தினான். பஸ் நகர்ந்துவிட்டது.

யன்னலுக்கு வெளியே மணி கைத்தடியை ஆட்டிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. நான் எழுந்து, "மை சிஸ்டர்! மை சிஸ்டர்!" என்றேன். அதற்குப் பிறகு என்ன சொல்ல வேண்டும் என்று வரவில்லை. சாரதி திரும்பவில்லை. பின்னால் இருந்த கிழவர் ஒருவர் கடிகாரத்தைக் காட்டி, அடுத்த பஸ்ஸில் வருவாள் என்பது போலக் கையால் சொன்னார். மிஸ் ஹெலன் என் முழங்கையைத் தட்டி இருக்கச் சொன்னார். அவருக்கு இது எல்லாம் விளையாட்டாக இருந்தது.

இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் மொழிபெயர்ப்பவள் இல்லை. அவர் யன்னலைப் பார்த்தபடி தனக்குத்தானே, "சுனி ஓமோனி, சுனி ஓமோனி" என்று சொல்லிக்கொண்டு வந்தார். கிட்டத்தட்டப் பாட்டு மாதிரி.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கடையில் கொடுத்து வாங்கப் போதாது. ஆனால் இந்தக் கேள்விக்கு இரண்டு சொற்கள் போதும் என்று அப்போதுதான் கண்டுகொண்டேன்.

"ஓமோனி... சில்ரன்?"

அவர் திரும்பினார். முதலில் விளங்கவில்லை. நான் கையால் ஒரு சின்ன உயரம் காட்டினேன். "ஹெர் சில்ரன்?"

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு நிறையச் சொன்னார். எனக்குப் பிடிபட்டது நாலு சொற்கள். கேர்ள் என்றார், பெண்பிள்ளை. ஸ்லீப் என்றார். டோர் என்றார். கோல்ட் என்றார், குளிர். சொல்லச் சொல்ல அவருடைய கதை மெதுவாகிக்கொண்டு வந்தது. கடைசியில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு அது விளங்கவில்லை. தலையைக் குனித்துக்கொண்டேன்.

நியூ மோல்டனில் இறங்கி நின்றோம். அடுத்த பஸ்ஸில் மணி மூச்சு வாங்க வந்து இறங்கி, சாரதியின் பரம்பரையையே திட்டினாள். மிஸ் ஹெலன் சிரிக்கவில்லை.

லீயின் வீடு கடைக்கு மேல். படி அடியில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். என் காலுறையில் ஓட்டை. பெருவிரலை மடக்கிக்கொண்டே ஏறினேன். ஒரே அறை. கதிரை இல்லை, தரையில் கால்மடித்து இருக்க வேண்டும். எங்களுக்கு அது பெரிய காரியமா? சுவரோரம் மின்சாரத்தில் சூடாகும் விரிப்பைப் போட்டு, மேலே மெத்தைப் போர்வை விரித்திருந்தார்கள். லண்டனில் நிலத்துக்கடியில் அடுப்பெரிக்க முடியாது, அதற்குப் பதிலாக இது என்று லீ சொன்னார்.

தாயார் குள்ளமான மனிசி, பொக்கை வாய். மிஸ் ஹெலனைக் கண்டதும் இரண்டு கைகளையும் பிடித்து, நேரே அந்த விரிப்புக்குக் கூட்டிப்போய் இருத்தினார். லீ விளக்கினார். மணி சொன்னாள்:

"அடுப்படிப் பக்கம் இருக்கிற அந்தச் சூடான இடம்தான் வீட்டிலை பெரிய மரியாதையான இடமாம். வீட்டிலை மூத்த ஆளுக்கு, இல்லாட்டி விருந்தாளிக்கு. கதவோரம் குளிர். அங்கை கடைசி ஆக்கள்தான் இருப்பினமாம். இண்டைக்கு நீங்கள் விருந்தாளி, அம்மா தன்ரை இடத்தைத் தாறா எண்டு சொல்லுறார்."

மிஸ் ஹெலன் கையைப் போர்வைக்கடியில் விட்டார். முகம் மலர்ந்தது. எனக்கும் கேட்கக்கூடியதாக மெல்ல ஒரு வார்த்தை சொன்னார், சூடு என்பதற்குக் கொரிய வார்த்தையாக இருக்க வேண்டும். தாயார் கைதட்டிச் சிரித்தார். சோளத் தேத்தண்ணீர் வந்தது. வறுத்த சோளத்தைக் கொதிக்கவைத்த தண்ணீர், புகை மணம். நெத்தலியை மிளகாயும் சீனியும் போட்டு வதக்கியிருந்தார்கள். நான் கேட்காமலே மூன்றுதரம் எடுத்தேன்.

பிறகு மிஸ் ஹெலன் தன்னை வளர்த்தவளின் பெயரைச் சொன்னார். சுனி ஓமோனி.

தாயார் உற்சாகமாக ஏதோ கேட்டார். லீ ஆங்கிலத்தில் சொல்ல, மணி தமிழில் தொடங்கினாள்: "சுனியின்ரை அம்மாவோ? அப்ப சுனி எங்கை, அவளும் உங்களோடை விளையாடினவளோ எண்டு கிழவி..."

அதோடு நின்றுவிட்டாள்.

மிஸ் ஹெலனுக்கு விளங்கவில்லை. லீ பொறுமையாகச் சொன்னார். பிள்ளை பெற்ற பெண்ணைக் கொரியாவில் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாரின் அம்மா என்பார்கள்.

எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊர் ஒழுங்கையிலும் அம்மாவை ராசன்ரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ராசன் நான்.

"அது அவளின்ரை பேரெண்டு நினைச்சனாம்" என்றாள் மணி, யாரையும் பார்க்காமல். "இவ்வளவு காலமும்."

"சுனி" என்றார் மிஸ் ஹெலன். முதல்முறையாக ஓமோனி என்ற சொல் சேராமல். பிறகு அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். மணி சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு பெண்பிள்ளை இருந்தது. தன்னைவிட ஒரு வயது சின்னதாக இருக்கலாம். கதவோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்திருக்கும். கதவுக்குக் கீழால் பனிக்காற்று வரும். அவளுக்கு அந்த இடம் பிடிக்கும் என்று நினைத்திருந்தாராம். யாருடைய பிள்ளை என்று யோசித்ததில்லையாம். வீட்டில் அப்படி நிறையப் பேர் இருந்தார்கள்.

கீழே கடை மணி அடித்தது. லீ எழும்பவில்லை.

மிஸ் ஹெலன் என்னை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார், ஒவ்வொரு காலையும் போல. புறப்படப் போகிறார் என்று நினைத்துத் தூக்கினேன். அவர் வாசல் பக்கம் நடந்தார். எங்கள் சப்பாத்துகளை வைத்திருந்த படிக்கட்டுக்கு நேரே, கதவோரம் வந்து நின்று நிலத்தைக் காட்டினார். எனக்கு விளங்கியது. அங்கே மெதுவாக இருத்தினேன். படிக்கட்டால் ஏறிவந்த குளிர் என் காலுறை ஓட்டையில் பட்டது.

தாயார் பதறிப்போனார். விருந்தாளி வாசலில் இருப்பதா? கையைப் பிடித்து இழுத்தார். மிஸ் ஹெலன் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுத்தார். நீங்கள் இருங்கோ, இல்லை நீங்கள் இருங்கோ என்று எங்கள் வீடுகளில் நடக்கும் அதே சண்டை, மொழிதான் வேறு. கடைசியில் தாயார் தன்னுடைய போர்வையை எடுத்துக்கொண்டு வந்து, வாசலிலேயே மிஸ் ஹெலனுக்குப் பக்கத்தில் இருந்து, இரண்டு பேரின் கால்களையும் சேர்த்து மூடினார்.

சூடான இடம் வெறுமையாகக் கிடந்தது. லீக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த வயதுக்காரன் நான். தோளைப் பிடித்து அங்கே இருத்திவிட்டார். மறுக்க எனக்கு வார்த்தை தெரியாது. சூடு மெதுவாக ஏறியது. நாலு மணி விடியலில் பேக்கரிப் போறணை அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி இல்லை. ஆரோ இப்போதுதான் எழும்பிப் போன படுக்கை மாதிரி இருந்தது. நான் அவர்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் சோளத் தண்ணீரைக் குடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் மிஸ் ஹெலன் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். மணி கைத்தடியை மடியில் இறுகப் பிடித்திருந்தாள். வீட்டு வாசலில் என்னிடம் சொன்னாள்: "கேட்டிட்டியள். இப்ப திருப்தியோ?"

மறுநாள் காலை வழக்கம்போல அவரைத் தூக்கப் போனேன். கீற்றருக்குப் பக்கத்தில் மெத்தை இல்லை. மடித்து அலுமாரிக்கு மேல் வைத்திருந்தது. மிஸ் ஹெலன் உள்ளே கட்டிலில் இருந்தார், தானாகவே எழுந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. என்னைக் கண்டு புன்னகைத்தார். கைகளை நீட்டவில்லை.

"நல்லதாப் போச்சு, என்ரை நாரி தப்பிச்சுது" என்றாள் மணி. ஆனால் அந்த மெத்தையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குசினிக்குப் போனாள்.

அதற்குப் பிறகும் நான் போனேன். வேலை ஒன்றுமில்லை. கொரியாவைப் பற்றி அவர் பேசவில்லை. காலநிலையைப் பற்றிப் பேசினார், ராணியின் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். மணி மீனை அலசிக் கொடுத்தால் சாப்பிட்டார். ஒருநாள் மட்டும் மணியிடம் கேட்டாராம், அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தால் இப்போது கிழவியாக இருப்பாள் அல்லவா என்று. இருப்பா என்று இவள் சொன்னாளாம்.

என் பெயரை அவர் கடைசிவரை கேட்கவில்லை. மணியின் அண்ணன் என்றே சொன்னார். புறப்படும் நாள் போய் விடைபெற்றபோது என் கையைப் பிடித்து நன்றி என்றார். எதற்கு நன்றி என்று எனக்குத் தெரியவில்லை. நான் கொண்டுபோனது ஒரு கேள்வி. அதற்கு ஈடாக அவரிடமிருந்து ஒரு சூடான இடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டது பிழை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. கேட்காமல் இருந்திருக்கலாம் என்று மட்டும் அடிக்கடி நினைப்பேன்.

விமான நிலையத்துக்கு மணிதான் ரயிலில் கூட்டிவந்தாள். பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தோம். சுரங்கம். யன்னலில் எங்கள் இரண்டு பேரின் முகங்கள்தான் தெரிந்தன. அம்மாவின் மூக்கு இரண்டு பேருக்கும்.

"மணி, அந்தப் பங்களாவிலை அம்மாவை என்னெண்டு கூப்பிடுவினம்?"

அவள் யோசித்தாள். உண்மையிலேயே நினைவுபடுத்திப் பார்த்தாள், எனக்குத் தெரிந்தது. நானும் காத்திருந்தேன். குசினியில் வேலை செய்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்தானே. அவர்கள் கூப்பிட்டதைக் கேட்டு அந்த வெள்ளைப் பிள்ளைகளும், அர்த்தம் தெரியாமலே, என் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த வளவெல்லாம் ஓடித் திரிந்திருக்கக் கூடும் அல்லவா?

"ஆயா" என்றாள் மணி. "ஆயா எண்டுதான். வேறை என்னெண்டு?"